கடைசிச் சுருள் ஓடாத ஞாயிறு

பிலிமுக்கு வாடை உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. உங்கள் கேபினுக்குப் படம் ஒரு சின்னப் பெட்டிக்குள் வருகிறது. அதைத் திறக்க ஒரு எண் வருகிறது. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. என் காலத்தில் அப்படி வந்திருந்தால் என் முதுகு இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் போன மாதம் உங்கள் தியேட்டர் ஆபரேட்டர் சங்கக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "மேனேஜர் ஓட்டுங்கறாரு, எனக்குச் சரியாப் படல, அப்ப நான் என்னதான் செய்யறது?" என்று கேட்டார். அன்றைக்கு நேரம் போதவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைச் சொல்கிறேன், உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் கடலூர் முதுநகரில் ஒரு தியேட்டரில் நான் இரண்டாவது ஆபரேட்டர். லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு மேலே பெரிய ஆபரேட்டர் ஒருவர். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் அண்ணன் என்றே சொல்கிறேன். ஆபீசில் மேனேஜர் கோவிந்தசாமி. முதலாளிக்குச் சிதம்பரத்திலும் ஒரு தியேட்டர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் பழைய இங்கிலீஷ் படம் ஏதாவது போடுவோம். அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு காட்டுப் படம் வந்தது. சினிமா பேச ஆரம்பித்த புதிதில் எடுத்த தொடர்படம். மொத்தம் பத்துப் பாகம், பாகத்துக்கு இரண்டு சுருள். பாதி பேசும், பாதி பேசாது. சிங்கம் உறுமினால் சத்தம் வரும், அதைப் பார்த்து ஓடுகிறவள் கத்தினால் திரையில் எழுத்துதான் வரும். திடீரென்று நாலு பேர் ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்து, கழுத்தைக்கூடத் திருப்பாமல் நீளமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். மைக்கை மேஜை மேல் பூச்சாடிக்குள் ஒளித்து வைத்திருந்தார்களாம், அசைந்தால் குரல் போய்விடும் என்று அண்ணன் சொன்னார்.

கதை இதுதான். காட்டை அளக்கப் போய்க் காணாமல்போன அண்ணனைத் தேடி ஒரு தங்கை போகிறாள். இடிந்த கோட்டை ஒன்றில் முகமூடி போட்ட ஒருவன் இருக்கிறான். சிங்கங்கள் அவன் கைக்கு அடங்கும். அவன் யார் என்று தெரியாது. ஒவ்வொரு பாகமும் அவள் சாகப்போகிற இடத்தில் வந்து நிற்கும்.

வாரத்துக்கு இரண்டு பாகம், ஐந்து வாரம். ஒரே பிரதிதான். காலையில் எங்களிடம் ஓடியதும் நான் அதை ரயிலில் சிதம்பரம் கொண்டுபோவேன், அங்கே மேட்னிக்கு ஓடும். முதல் வாரம் பாதி நாற்காலி காலி. மூன்றாவது வாரம் தேவனாம்பட்டினத்து மீன்காரப் பெண்கள் கூடையைக் கழுவி வெளியே கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். பண்ருட்டி லாரி டிரைவர் ஒருவர், செல்வராசு என்று பெயர், ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்கு லோடு வருகிற மாதிரி பார்த்துக்கொண்டார். கூடாரத்தில் ஓயாமல் டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரன்தான் முகமூடிக்காரன் என்பது அவர் கட்சி. இடைவேளையில் சோடாக் கடையில் இதை வைத்துச் சண்டையே நடக்கும்.

இனி என் தப்பு. படப்பெட்டி வந்த அன்று இருபது டின்னையும் திறந்து பார்த்து நோட்டில் எழுத வேண்டியது என் வேலை. பதினாறைத் திறந்தேன். கடைசி நாலு டின்னின் மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. சில்வர் பீச்சில் கூட்டாளிகள் வாலிபால் ஆடக் காத்திருந்தார்கள். இருபதுக்கும் 'சரி' என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். பதினாறு சரியாக இருந்தால் மற்ற நாலுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று அப்போது தோன்றியது.

ஐந்தாவது வாரம் சிதம்பரத்து ஆபரேட்டருக்கு மஞ்சள் காமாலை. அண்ணன் சனிக்கிழமையே அங்கே போய்விட்டார். ஞாயிறு காலை மாதா கோயிலில் முதல் பூசை பார்த்துவிட்டு நான் தனியாகக் கேபினுக்குப் போனேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது மூன்றையும் தட்டித் திறந்தேன், நன்றாகவே இருந்தன. இருபதாவது டின்னுக்கு ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன். மூடி எழும்பியதும் வாடை அடித்தது. ஈரமான காலுறையைச் சுருட்டி மாதக்கணக்கில் டப்பாவில் அடைத்து வைத்தால் வருமே, அதோடு மூக்கைக் குத்துகிற ஒரு காரமும் சேர்ந்த வாடை. பிலிம் தேன் நிறத்துக்குப் போயிருந்தது. ஓரத்தைத் தொட்டால் விரலில் ஒட்டியது. பிரித்த இடத்தில் சுருளும் சுருளும் ஒன்றையொன்று விடவில்லை. மற்ற பத்தொன்பதின் ஓரத்திலும், லேசில் தீப்பற்றாது என்பதற்கு அடையாளமாக இருந்த 'சேஃப்டி' என்ற எழுத்து இதில் இல்லை. அவையெல்லாம் பின்னாளில் அச்செடுத்த பிரதிகள். கடைசிச் சுருள் மட்டும் கிடைக்காமல், எங்கேயோ கிடந்த ஆதிகாலத்துச் சுருளை யாரோ சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். தீப்பெட்டியைவிடச் சீக்கிரம் பற்றுகிற ஜாதி அது. லைசென்ஸ் பரீட்சையில் படித்திருந்தேன், கையில் தொட்டது அன்றைக்குத்தான்.

டின்னை மூடி, பின்பக்கத்து வேப்பமரத்து நிழலில் கொண்டுபோய் வைத்தேன். ஆள் யாரும் அந்தப் பக்கம் போகாமல் இருக்க ஒரு பெஞ்சை இழுத்துக் குறுக்கே போட்டேன். பிறகு மேனேஜரிடம் போனேன்.

கோவிந்தசாமி கெட்ட மனிதர் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் ஒரு படம் பாதியில் நின்றபோது கூட்டம் நாற்காலிகளை உடைத்ததில் அவர் நெற்றியில் தையல் போட்டிருந்தது. பேசும்போது கை தானாக அங்கே போகும்.

"பதினாறு சுருளு ஓடிச்சி, இது ஒண்ணு ஓடாதா?" என்றார்.

"அதெல்லாம் வேற பிலிமு சார். இது மெஷின்ல ஒட்டிக்கிட்டு நின்னா போதும், ஆர்க் வெளக்குச் சூட்டுல பத்திக்கும். பத்துனா அணைக்க முடியாது."

"பத்து நிமிஷம்பா. மண்ணு வாளி பக்கத்துல வெச்சுக்க. வெளிய கூட்டத்தப் பாத்தியா? காலக் காட்சிக்கு இந்தத் தியேட்டரு நெறஞ்சு நான் பாத்ததே இல்ல. முகமூடிக்காரன் யாருன்னு காட்டலேன்னா என்ன கொன்னுடுவாங்க."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாம் சார்."

சிதம்பரத்துக்கு அவசர டிரங்கால் போட்டார். இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே கூட்டத்தின் இரைச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. முதல் மணி அடிக்கிற நேரத்துக்கு லைன் கிடைத்தது. அண்ணனிடம் நிறம், வாடை, பிசுபிசுப்பு எல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் கேட்டார்:

"பெட்டி வந்தன்னிக்கே பாத்துட்டதா எழுதியிருந்தியே?"

மேனேஜர் எதிரே இருந்தார். "பாக்கலண்ணே," என்றேன்.

"சரி. அத அப்பறம் பேசிக்கலாம். இப்ப என்ன செய்யப் போற?"

"அதான்ணே கேக்கறேன்."

"கண்ணால பாத்தவன் நீ. மோந்து பாத்தவன் நீ. நான் இங்கேருந்து ஓட்டுன்னாலும் தப்பு, ஓட்டாதன்னாலும் தப்பு. நீதான் சொல்லணும்." லைன் போய்விட்டது.

அந்த நேரத்தில் அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. கைகழுவிவிட்டார் என்று நினைத்தேன். தப்பைப் பற்றிப் பேச்சை வளர்க்காமல் ஒதுக்கி வைத்து, என் மூளையை முன்னால் இருந்த வேலைக்குத் திருப்பிவிட்டார் என்பது பிற்பாடுதான் புரிந்தது. என் கீழே வேலை பார்த்த பையன்கள் தப்புப் பண்ணிவிட்டு ஓடிவந்தபோதெல்லாம் நானும் அதையே செய்தேன். முதலில் நெருப்பு, அப்புறம் விசாரணை.

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கேபின் பால்கனிக்குப் பின்னால் இருந்தது. பால்கனித் தரை பலகை. இறங்க ஒரே படிக்கட்டு, அதுவும் கேபின் கதவை ஒட்டியே. அன்று அவர் சம்சாரமும் இரண்டு பிள்ளைகளும் படம் பார்க்க வந்திருந்தார்கள், பால்கனி முதல் வரிசையில்.

"ஓட்டறேன் சார்," என்றேன். "அக்காவையும் புள்ளைங்களையும் மட்டும் கீழ கூட்டிட்டு வந்து கதவோரமா உக்கார வெச்சிடுங்க."

அவர் கை நெற்றிக்குப் போனது. பிறகு, "வேணாம்," என்றார். "ஓட்ட வேணாம்."

அடுத்து எப்படிச் சொல்வது என்பதில் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. மூன்று சுருளையும் ஓட்டிவிட்டு, மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்றார் அவர். நான் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்றேன். முடிவு தெரியாது என்று தெரிந்து உட்கார்ந்தவனுக்கு ஏமாற்றம்தான் வரும், தெரியாமல் உட்கார்ந்தவனுக்கு வெறி வரும். "அப்ப நீயே போய்ச் சொல்லு," என்றார். ஆனால் என்னைத் தனியாக விடவில்லை. மேடையில் பக்கத்திலேயே வந்து நின்றார், ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு.

அவ்வளவு முகங்களை நான் எதிரே பார்த்ததில்லை. ஆபரேட்டருக்குத் தெரிவதெல்லாம் பின்மண்டைதான். "இன்னிக்கு நாலு சுருளு. கடைசிச் சுருளு கெட்டுப் போயிருக்கு. ஓட்டுனா தீப்பிடிக்கும், அதனால ஓட்ட மாட்டோம். மீதி மூணும் ஓடும். வேணாங்கறவங்க காச வாங்கிக்கலாம். முன்னாடியே டின்னத் தொறந்து பாத்திருந்தா வேற வாங்கியிருக்கலாம். பாக்காதது நான்தான்," என்றேன்.

செல்வராசு எழுந்தார். "அஞ்சு வாரமா பண்ருட்டிலேர்ந்து வரேன்யா. அவன் யாருன்னு இப்ப எவன் சொல்லுவான்?" பின்னால் விசில். ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வந்து என் காலடியில் விழுந்தது. ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. மேனேஜர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது நடுவரிசையில் ஒருவர் குடையை ஊன்றி எழுந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், ஹமீது மரைக்காயர். அறுபதை நெருங்கியவர், பையனாகவே பினாங்குக்குப் போய்க் கடை வைத்திருந்து திரும்பியவர். எல்லா வாரமும் வருவார், யாரோடும் பேச மாட்டார்.

"உக்காருங்க," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இந்தப் படம் புதுசா வந்தப்பவே பினாங்குல நான் பாத்தாச்சு. மூணு சுருளையும் பாருங்க. மிச்சத்த நான் சொல்றேன்."

காசு கேட்டு ஒருவர்கூட வெளியே போகவில்லை. மூன்று சுருளும் ஓடின. மூன்றாவது முடியும்போது அவள் கோட்டைக்குள் சிங்கங்களின் நடுவில் நிற்கிறாள், கை முகமூடியைத் தொடுகிறது. விளக்கைப் போட்டேன். மரைக்காயர் மேடை ஏறினார். நான் கேபினைப் பூட்டிவிட்டுப் படிக்கட்டில் நின்று கேட்டேன்.

"எடுத்துட்டா," என்றார். "பாத்தா, அவ அண்ணன்."

கூட்டம் முழுக்க ஒரு மூச்சு இழுத்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பவுனம்மாள், மீன்காரப் பெண்களில் மூத்தவள். "அண்ணன்காரன் கூடப்பொறந்தவளச் சிங்கத்துகிட்ட வுடுவானா பாய்?"

மரைக்காயர் குடைப்பிடியைத் தடவினார். "வுடலம்மா. அத அவ தப்பாப் புரிஞ்சிக்கிட்டா. காட்டுல கால் வெச்ச அன்னிலேர்ந்து அவளச் சுத்திக் காவலுக்கு நின்னதுதான் அந்தச் சிங்கமெல்லாம். ஒரு கீறல் பட்டுச்சா அவ மேல, இந்த அஞ்சு வாரத்துல?"

"இல்ல," என்றது கூட்டம்.

"காவலு யாருகிட்டேர்ந்து? கூடாரத்துல டீ குடிக்கறானே, அவன்கிட்டேர்ந்து. அண்ணன்காரன் அளந்து வெச்ச காட்டு வரபடம் அவனுக்கு வேணும்."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் செல்வராசு, இரண்டு பக்கமும் திரும்பி. அவர் கட்சி பாதிதான் ஜெயித்திருந்தது, அவருக்கு அது போதுமாக இருந்தது.

டீக்காரன் எப்படி ஓடினான், வரைபடம் எப்படி ஆற்றில் போனது என்று மரைக்காயர் சொல்லிக்கொண்டே போனார். சத்தம் போடாமல்தான் சொன்னார், கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முடித்ததும் பவுனம்மாள் மறுபடியும் கேட்டாள். "ஊருக்குப் போய்ச் சேந்தாங்களா?"

"கப்பல் ஏறிட்டாங்க. கரையில எறங்குறாங்க. அவுங்க அம்மா நிக்கிறாங்க. மவன அடையாளம் தெரியல அவுங்களுக்கு. இவன் சிரிச்சான், அப்பத்தான் தெரிஞ்சுது."

பவுனம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் கை தட்டிவிட்டு வரிசையாக வெளியே போனது. ஒரு நாற்காலிக்கும் சேதம் இல்லை.

மேனேஜருக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "நெசமாவே அப்படிப் பத்துமா?" என்றார். சுருளின் ஓரத்திலிருந்து கையளவு கத்தரித்து, பின்பக்க மைதானத்தில் தள்ளி வைத்து, நீளக் குச்சியில் தீயைக் காட்டினேன். நீங்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள், நானும் செய்திருக்கக் கூடாது. வெள்ளையாக ஒரு சீறல், ஆள் உயரத்துக்குத் தீ. ஒரு வாளி மணலைக் கொட்டினேன். மணலுக்குள்ளிருந்து மஞ்சள் புகை வந்துகொண்டே இருந்தது. மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மீதிச் சுருளைத் தீயணைப்பு நிலையத்தில் ஒப்படைக்க அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மரைக்காயர் என்னோடு ரயிலில் வந்தார். பரங்கிப்பேட்டையில் இறங்கவில்லை. "சிதம்பரத்துக்காரங்களும் பாவந்தானே," என்றார். அங்கே மேட்னிக்குக் காலேஜ் பிள்ளைகள் அதிகம். சிங்கத்துக்கு அவ்வளவு நாள் யார் இறைச்சி போட்டார்கள் என்று ஒருவன் மடக்கினான். "கோட்டைக்குப் பின்னாடி மானு ஜாஸ்தி," என்று அசராமல் பதில் சொன்னார்.

காட்சி முடிந்ததும் அண்ணனும் நானும் மேலவீதியில் காபி குடித்தோம். அவராக ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. நானே சொன்னேன், துரு, வாலிபால் எல்லாவற்றையும்.

"கூட்டத்து முன்னாடி நீயே ஒத்துக்கிட்டியாமே?" என்றார். "மேனேஜர் போன்ல சொன்னாரு."

"ஆமாண்ணே."

"அப்ப நான் சொல்ல என்ன இருக்கு? காப்பி ஆறுது, குடி."

சாயங்கால ரயிலில் திரும்பினோம், மரைக்காயரும் நானும். கொள்ளிடத்துப் பக்கம் மழை பெய்திருந்ததால் காற்று குளிர்ச்சியாக வந்தது. பரங்கிப்பேட்டை வரப்போகும்போது என்னிடம் குனிந்து சொன்னார்:

"தம்பி, நான் பினாங்குல எட்டாம் பாகம் வரைக்குந்தான் பாத்தேன். அதுக்குள்ள கப்பலுக்கு டிக்கெட் கெடச்சிருச்சு."

"அப்ப அந்த அம்மா, பாய்?"

"நாகப்பட்டணத்துல நான் எறங்குனப்ப எங்கம்மா நின்ன மாதிரிதான். அவுங்களுக்கு என்ன அடையாளம் தெரியல." சிரித்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவர் சிரிப்பில் இடது பக்கம் ஒரு பல் லேசாக ஏறியிருக்கும். அதை வைத்துத்தான் அந்த அம்மா கண்டுபிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கதை இத்தோடு முடியவில்லை. மேனேஜர் மெட்ராஸ் கம்பெனிக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினார். ஒரு மாதம் கழித்து அவர்கள் புதிய பிரதியில் அந்தக் கடைசிச் சுருளை அனுப்பி வைத்தார்கள். இந்தத் தடவை டின் வந்த பத்தாவது நிமிஷம் திறந்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். வாடை இல்லை. ஓரத்தில் 'சேஃப்டி' இருந்தது. வியாழக்கிழமை காலை இலவசமாகப் போடுகிறோம் என்று வாசலில் எழுதி வைத்தோம். மரைக்காயருக்கும் ஒரு கார்டு போட்டேன். வரவில்லை. மொத்தம் பதினைந்து பேர் வந்தார்கள். செல்வராசு லாரியை வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.

முகமூடியைக் கழற்றினால், அதுவரை படத்தில் எங்கேயும் வராத ஒரு கிழவன். யாரென்று அவனும் சொல்லவில்லை. அண்ணன்காரன் ஒரு குகையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். டீக்காரன் எல்லோருக்கும் கை கொடுத்தான். அவன் நல்லவனாம். அம்மா என்று யாருமே இல்லை. இசை வந்தது, முடிந்துவிட்டது.

விளக்கைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். செல்வராசு நாற்காலியை விட்டு எழாமல் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பவுனம்மாள் வாசலில் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, மெட்ராஸுக்கு இன்னொரு லெட்டரு போடச் சொல்லு. இது வேற ஏதோ படத்துச் சுருளு, மாத்தி அனுப்பிட்டாங்க."